பழைய டப்பா டிவியில் மாதக் கட்டணம் இல்லாமல் படம் பார்க்க: கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

கொங்கு நாட்டில் ஊருக்குள் குடியிருப்பவர்களுக்கு டிவி ஒரு பிரச்சினையே இல்லை. தோட்டத்துச் சாளையில், அதாவது காட்டுக்கு நடுவே இருக்கும் தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் பிரச்சினை. காங்கயம், தாராபுரம், பல்லடம் பக்கம் போய்ப் பாருங்கள். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே நாலைந்து ஏக்கர் சோளக்காடும் ஓர் இட்டேரியும் இருக்கும். ரெண்டு வீட்டுக்காக அவ்வளவு தூரம் ஒயர் இழுக்கக் கேபிள்காரர் வரமாட்டார். பிராட்பேண்டும் வராது. பிள்ளைகள் கோயமுத்தூரிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். சாளையில் அப்பாருவும் ஆத்தாவும் மட்டும் இருப்பார்கள். மூலையில் துணி போர்த்திய பழைய டப்பா டிவி ஒன்று இருக்கும்.

அந்த டிவியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதில்லை. ஒருமுறை செலவு செய்தால் போதும், மாதாமாதம் யாருக்கும் பணம் கட்டாமல் அதில் செய்தியும் படமும் பாட்டும் பார்க்கலாம். செலவு பெரும்பாலும் 2,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஸ்குரூ டிரைவரும் ஸ்பேனரும் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யக்கூடிய வேலைதான். இதற்கு முன்னால் டிஷ்ஷைத் தொட்டே பார்க்காதவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

ஆன்டெனாவை மறந்துவிடுங்கள்

"பழைய ஆன்டெனா மேலேயே இருக்குதுங்க, ஒயரை மாட்டினா வராதுங்களா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வராது. ஒரு காலத்தில் நம் பக்கத்தில் முப்பது நாற்பது அடிக்குப் பைப்பு ஏற்றி, மீன் முள் போல இருக்கும் ஆன்டெனாவைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி, கீழே பூஸ்டர் வைத்து தூர்தர்ஷன் பார்த்தோம். கோபுரத்திலிருந்து வந்த அந்தப் பழைய (அனலாக்) தரைவழி ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் படிப்படியாக நிறுத்திவிட்டது. முக்கியமான இடங்களில் விட்டுவைத்த ஒரு சிலவற்றைத் தவிர, நாடு முழுவதும் 2022 மார்ச்சோடு கணக்கு முடிந்தது. இப்போது அந்த ஆன்டெனாவை மாட்டினால் வெறும் புள்ளியும் இரைச்சலும்தான் வரும். பூஸ்டர் மாற்றினாலும் பைப்பை உயர்த்தினாலும் பயன் இல்லை.

சிலர் டிஜிட்டல் ஆன்டெனாப் பெட்டி வாங்கலாமா என்று கேட்பார்கள். சென்னை உள்ளிட்ட சில பெருநகரங்களில் 2016-ல் தூர்தர்ஷன் தரைவழியாகவே டிஜிட்டல் ஒளிபரப்பு தொடங்கியது உண்மை. ஆனால் சென்னைக் கோபுரத்து சிக்னல் சேலத்துக்கே எட்டாது. அதை நம்பி நம் பக்கத்தில் பெட்டி வாங்க வேண்டாம்.

நமக்கு இருக்கும் இலவச வழி வானத்திலிருந்து வருகிறது. அதுதான் டிடி ஃப்ரீ டிஷ். தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய சேவை இது. இப்போது கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. சந்தா இல்லை, ரீசார்ஜ் இல்லை.

என்ன வரும், என்ன வராது

இதைச் சாமான் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பிறகு வீட்டில் மனஸ்தாபம்தான் மிஞ்சும்.

டிடி தமிழ் வரும். பொதிகை என்று நாம் பார்த்துக்கொண்டிருந்த அதே சேனல்தான். 2024 ஜனவரியில் புதுப் பெயர் வைத்தார்கள். டிடி நேஷனல், டிடி நியூஸ், டிடி ஸ்போர்ட்ஸ், டிடி கிசான், நாடாளுமன்ற நடவடிக்கைகளைக் காட்டும் சன்சத் டிவி எல்லாம் வரும். இந்திப் பட சேனல்களும் இந்திச் செய்தி சேனல்களும் ஏராளமாக வரும். திருப்பூரில் பனியன் கம்பெனி லைன் வீடுகளின் மேல் சின்னச் சின்ன டிஷ்ஷாக இருப்பதற்கு இதுதான் காரணம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் நமக்கு முன்பே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பள்ளிப் பாடங்களுக்கான பி.எம். இ-வித்யா சேனல்களும், கல்லூரிப் பாடங்களுக்கான ஸ்வயம் பிரபா சேனல்களும் உண்டு. படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் இதை மட்டும் வைத்தே செலவு செய்த காசு ஈடாகிவிடும். ஆகாசவாணி வானொலிச் சேனல்களும் இதே பெட்டியில் கேட்கும்.

கிரிக்கெட் பற்றி ஒரு செய்தி. நாட்டுக்கு முக்கியம் என்று அறிவித்த போட்டிகளைத் தனியார் சேனல்கள் தூர்தர்ஷனோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 2007-ல் சட்டம் வந்தது. அப்படிப் பகிரும் ஒளிபரப்பைத் தூர்தர்ஷன் தன் தரைவழியிலும் தன் சொந்த டிடிஎச் (டிஷ் வழியாக நேராக வீட்டுக்கு வரும்) சேவையிலும் மட்டுமே காட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்புச் சொன்னது. அதனால் கேபிளில் வரும் தூர்தர்ஷனில் காட்டாத ஆட்டம் ஃப்ரீ டிஷ்ஷில் வரும்.

ஆனால் பெரிய தனியார் தமிழ்ச் சேனல்களின் சீரியலை நம்பி இதை வாங்காதீர்கள். ஆத்தாவுக்கு ராத்திரி எட்டு மணி சீரியல்தான் உசுரு என்றால் இந்த வேலையே வேண்டாம், ஒரு கட்டண டிடிஎச் போட்டுவிடுங்கள். செய்தி, பழைய படம், பாட்டு, விவசாயம், கிரிக்கெட் போதும் என்பவர்களுக்குத்தான் இது.

வாங்க வேண்டிய சாமான்

இரண்டடி அகல டிஷ், அதற்கான ஸ்டாண்டு, ஒரு எல்.என்.பி (டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கும் சின்ன உருளை), ஆர்ஜி-6 ஒயர் (டிஷ்ஷிலிருந்து பாக்ஸுக்கு வரும் ஒயர்), அதன் இரண்டு நுனிக்கும் இரண்டு எஃப் பின், செட்டாப் பாக்ஸ், பாக்ஸிலிருந்து டிவிக்குப் படமும் ஒலியும் கொண்டுபோகும் ஏவி ஒயர். இவ்வளவுதான்.

இதில் பாக்ஸ் வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். கடையில் இரண்டு வகை இருக்கும். எம்பெக் என்பது படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை. பழைய எம்பெக்-2 பாக்ஸ் விலை குறைவு, ஆனால் சேனல்களில் ஒரு பகுதி அதில் வரவே வராது. இ-வித்யா போன்றவை எம்பெக்-4 முறையில் வருகின்றன. எம்பெக்-4 என்று எழுதியிருக்கும் பாக்ஸைக் கேட்டு வாங்குங்கள். பின்பக்கம் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று ஓட்டை இருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள். புது டிவிகளுக்கான எச்டிஎம்ஐ ஓட்டை மட்டும் இருக்கும் பாக்ஸ் டப்பா டிவிக்கு நேராக ஒத்துவராது.

டிஷ்ஷும் ஒயரும் புதிதாகத்தான் வேண்டும் என்பதில்லை. நம் ஊரில் பாதி மொட்டை மாடிகளில் யாரும் கவனிக்காத டிடிஎச் டிஷ் ஒன்று கிடக்கிறது. அது துருப்பிடிக்காமல், நெளியாமல் இருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். எல்.என்.பி மட்டும் புதிதாக வாங்குவது நல்லது, அது வெயிலிலும் மழையிலும் கெட்டுப்போகிற சாமான். பழைய சன் டைரக்ட் டிஷ் என்றால் இன்னும் வசதி. அந்தச் சேவையின் செயற்கைக்கோள்களும் இதே 93.5 டிகிரியிலும் அதற்குப் பக்கத்தில் 91.5 டிகிரியிலும்தான் இருக்கின்றன. அசையாமல் நிற்கும் சன் டைரக்ட் டிஷ் ஏற்கெனவே ஏறக்குறைய நமக்கு வேண்டிய இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டில் அது இருந்தால் எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்தது.

டிஷ்ஷை எங்கே நிறுத்துவது

ஆன்டெனாக் காலத்துப் பழக்கத்தில் எல்லோரும் உயரத்தைத் தேடுகிறார்கள். டிஷ்ஷுக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை. சுமார் 36,000 கிலோமீட்டர் மேலே இருக்கும் செயற்கைக்கோளுக்கு உங்கள் பத்தடி என்ன கணக்கு? அந்தத் திசையில் வானம் திறந்திருந்தால் போதும். ஓட்டு வீட்டின் மேலே ஏறி ஓட்டை உடைக்க வேண்டாம், சிமெண்ட் சீட்டின் மேல் கால் வைக்கவே வேண்டாம். களத்து ஓரத்தில் குழி தோண்டி ஒரு ஜிஐ பைப்பை நட்டு, கான்கிரீட் போட்டு, இடுப்பு உயரத்தில் டிஷ்ஷை மாட்டலாம். வயசானவர்கள் இருக்கும் வீட்டில் அதுதான் சரி. தூசி படிந்தால் கீழே நின்றே துடைத்துவிடலாம். வெள்ளாடும் எருமையும் உரசாத இடமாகப் பாருங்கள், இல்லாவிட்டால் சுற்றி நாலு முள் கட்டிவிடுங்கள்.

திசைக்கு வருவோம். கோயமுத்தூரிலிருந்து கணக்குப் போட்டால் செயற்கைக்கோள் வடக்கிலிருந்து வலமாகச் சுமார் 123 டிகிரியில் இருக்கிறது. ஈரோட்டில் 125, சேலத்தில் 126. வாஸ்து பார்க்கிற நம்மவர்களுக்குச் சுலபமாகச் சொல்வதென்றால், அக்னி மூலைக்கு (தென்கிழக்குக்கு)க் கொஞ்சம் கிழக்கே. ஃபோனில் இருக்கும் திசைகாட்டியே போதும். ஆனால் இரும்பு பைப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முள் தப்பாகக் காட்டும். நாலடி தள்ளி நின்று பாருங்கள்.

உயரக் கோணம் கோயமுத்தூரில் சுமார் 67 டிகிரி. ஈரோட்டிலும் சேலத்திலும் அரை டிகிரிதான் வித்தியாசம். அதாவது செயற்கைக்கோள் கிட்டத்தட்ட உச்சந்தலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் தென்னந்தோப்புக்குள் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல சேதி. டிஷ்ஷைவிட 40 அடி உயர்ந்த மரம் அக்னி மூலைப் பக்கத்தில் 17 அடிக்குள் இருந்தால்தான் மறைக்கும். 20 அடி தள்ளியிருந்தால் மரம் பாட்டுக்கு மரம் நிற்கும், படம் பாட்டுக்குப் படம் வரும். மட்டை தொங்குவதற்கும் இடம் விட்டுக் கணக்குப் போடுங்கள்.

மறைப்பு இருக்கிறதா என்று கருவியே இல்லாமல் பார்க்க ஒரு வழி உண்டு. மார்ச் மாத நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் காலை 11 மணியை ஒட்டி, நம் ஊரிலிருந்து பார்த்தால் சூரியன் சரியாக இந்தச் செயற்கைக்கோள் இருக்கும் இடத்தில் வந்து நிற்கும். அந்த நேரத்தில் டிஷ் வைக்கப்போகும் இடத்தில் தடையில்லாமல் வெயில் விழுந்தால் சிக்னலும் விழும். நிழல் விழுந்தால் இடத்தை மாற்றுங்கள். வேறு மாதத்தில் செய்கிறவர்கள் திசைகாட்டியையும் கோணத்தையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

டிஷ்ஷைத் திருப்புவது

இங்கேதான் பொறுமை வேண்டும். பைப்பு நேர்க்குத்தாக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ரசமட்டம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கொத்தனாரின் தூக்குக் குண்டே போதும். பைப்பு சாய்ந்திருந்தால் டிஷ்ஷில் இருக்கும் கோண அளவு எதுவும் செல்லாது.

டிஷ்ஷின் பின்னால் கோணம் குறித்த பிராக்கெட்டில் 67-ல் வைத்து, கையால் தள்ளினால் அசையும் அளவுக்கு மட்டும் போல்ட்டை இறுக்குங்கள். டிஷ் ரொம்ப மல்லாந்து கிடப்பதாகத் தோன்றும், அதுதான் சரி. இணையத்தில் இந்தியில் இருக்கும் செய்முறைப் படங்களைப் பார்த்துச் செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். டெல்லியில் இதே செயற்கைக்கோளுக்கு உயரக் கோணம் சுமார் 52 டிகிரிதான். அவர்கள் டிஷ் நிமிர்ந்து நிற்கும், நம் டிஷ் வானம் பார்த்துச் சாய்ந்திருக்கும்.

எல்.என்.பி-யிலும் இதே கதை. ஃப்ரீ டிஷ் சிக்னல் வெர்ட்டிகல் முறையில், அதாவது அலை மேலும் கீழுமாக ஆடும்படி வருகிறது. ஆனால் செயற்கைக்கோள் நமக்குக் கிழக்கே தள்ளி இருப்பதால் அந்த வெர்ட்டிகல் நமக்குச் சாய்வாக வந்து சேரும். டெல்லியில் அந்தச் சாய்வு 27 டிகிரி அளவு, கோயமுத்தூரில் 55 டிகிரிக்கு மேல். ஒயர் மாட்டும் பகுதி நேர் கீழே பார்க்கும்படி எல்.என்.பி-யை வைத்தால் நம் ஊரில் சிக்னல் வலுவாக வராது. டிஷ்ஷுக்கு முன்னால் அதைப் பார்த்தபடி நின்றுகொள்ளுங்கள். கடிகாரத்தில் 6 மணி இடத்தில் இருக்கும் அந்தப் பகுதியை 8 மணி இடத்துக்குத் திருப்புங்கள். கடைசியில் ஒரு டிகிரி, இரண்டு டிகிரி இப்படி அப்படி நகர்த்திச் சரி செய்துகொள்ளலாம்.

ஒயர் நுனியைச் சீவுவது சின்ன வேலைதான், ஆனால் பாதிக் கோளாறு அங்கேதான் பிறக்கிறது. மேல் தோலை ஓர் அங்குலத்துக்கு உரித்தால் உள்ளே வெள்ளிப் பின்னல் தெரியும். அந்தப் பின்னலை ஒரு இழை விடாமல் பின்னுக்கு மடித்துவிடுங்கள். பிறகு நடுவில் இருக்கும் வெள்ளை நுரையைச் சீவினால் செம்பு நிறக் கம்பி வெளியே வரும். எஃப் பின்னை மாட்டிய பிறகு, கம்பி பின்னின் வாயைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பின்னலின் ஒரே ஓர் இழை அந்தக் கம்பியைத் தொட்டாலும் பாக்ஸ் ஷார்ட் என்று காட்டும். அந்தக் கம்பியில்தான் எல்.என்.பி-க்குக் கரண்ட் போகிறது. அதனால் ஒயரை மாட்டும்போதும் கழற்றும்போதும் பாக்ஸ் ஆஃபில் இருக்கட்டும். வெளியே இருக்கும் பின்னைச் சுற்றி டேப் ஒட்டி, எல்.என்.பி-க்குக் கீழே ஒயரை ஒரு வளைவு தொங்கவிட்டுக் கட்டுங்கள். மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பின்னுக்குள் இறங்காது.

இப்போது பாக்ஸை டிவியில் மாட்டி மெனுவுக்குள் போங்கள். டிவியில் மாட்டுவது எப்படி என்று கீழே சொல்லியிருக்கிறேன். பெரும்பாலான பாக்ஸ்களில் ஃப்ரீ டிஷ் அலைவரிசைகள் ஏற்கெனவே இருக்கும். இல்லாவிட்டால் எல்.என்.பி வகை யுனிவர்சல் என்று வைத்து, ஃப்ரீக்வென்சி 11090, போலரைசேஷன் வெர்ட்டிகல், சிம்பல் ரேட் 29500 என்று நீங்களே கொடுங்கள். திரையில் இரண்டு கோடு தெரியும். ஸ்ட்ரெங்த் கோடு எல்.என்.பி மாட்டினாலே ஏறிவிடும், அதை வைத்து ஏமாறாதீர்கள். குவாலிட்டி கோடுதான் முக்கியம்.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டிஷ் பக்கம், ஒருவர் டிவி முன்னால். களத்து ஓரத்தில் டிஷ் நட்டிருந்தால் குரல் கொடுத்தாலே கேட்கும்.

"ஏனுங் அம்மிச்சி, அடிக்கோடு ஏறுதுங்களா?"

"இல்லைடா கண்ணு, செவப்பாவே நிக்குது."

"இப்பங்க?"

"இரு இரு... ஆட்டாதே! பச்சையாயிருச்சு. அய்யோ, மறுக்கா போயிருச்சே."

அப்படிப் போகத்தான் செய்யும். விரல் அகலம் நகர்த்தினாலே செயற்கைக்கோள் கைவிட்டுப் போய்விடும். கொஞ்சம் நகர்த்துங்கள், மூன்று நாலு விநாடி காத்திருங்கள், பாக்ஸுக்கு அந்த அவகாசம் வேண்டும். வேகவேகமாகத் திருப்புகிறவர்கள் சரியான இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். முதலில் கோணத்தை 67-ல் வைத்து இடமும் வலமும் மெதுவாகத் துழாவுங்கள். கிடைக்காவிட்டால் கோணத்தை ஒரு டிகிரி கூட்டி மறுபடி துழாவுங்கள், பிறகு ஒரு டிகிரி குறைத்துப் பாருங்கள். கோடு ஏறிய பிறகு இடவலம், மேல்கீழ், எல்.என்.பி திருப்பு என்ற வரிசையில் சரி செய்து, போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரே பக்கத்தை முழுவதும் இறுக்கினால் டிஷ் நகர்ந்துவிடும்.

கோடு நின்றதும் சேனல் தேடச் சொல்லுங்கள். டிடி தமிழ் வந்துவிட்டால் சரியான செயற்கைக்கோள்தான். டிடி தமிழ் வராமல், பணம் கட்டினால்தான் திறக்கும் வேறு ஏதோ சேனல்கள் மட்டும் பூட்டோடு வந்தால் பக்கத்துச் செயற்கைக்கோளில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம், டிஷ்ஷை ஒரு நூல் அளவு நகர்த்துங்கள்.

டப்பா டிவியில் மாட்டுவது

டிவியை நீண்ட நாளைக்குப் பிறகு எடுக்கிறீர்கள் என்றால் ஒரு பகல் காற்றோட்டமாக வைத்து, பின்பக்கத் துளைகளில் தூசி தட்டிய பிறகு பிளக்கைச் சொருகுங்கள். பின்மூடியைக் கழற்றாதீர்கள். கலர் பிக்சர் டியூபில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும். ஸ்விட்ச்சை அணைத்த பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும். உள்ளே பல்லி செத்துக் கிடக்கிற வாசம் வந்தாலும் மெக்கானிக்தான் திறக்க வேண்டும்.

செட்டில் ஏவி ஓட்டை இருந்தால் வேலை சுலபம். 2006-ல் தொடங்கிய அரசின் இலவசத் திட்டத்தில் வீட்டுக்கு வீடு வந்த 14 அங்குலக் கலர் டிவி இன்னும் பல சாளைகளில் இருக்கிறது. அந்த வயது செட்டுகளில் முன்னாலோ பின்னாலோ ஏவி ஓட்டை இருக்கும். மஞ்சள் பின் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. டிவியில் ஒலிக்கு ஒரே ஓட்டைதான் என்றால் வெள்ளையை மட்டும் மாட்டுங்கள். ரிமோட்டில் ஏவி பொத்தானை அமுக்குங்கள். ரிமோட் தொலைந்திருந்தால், பல செட்டுகளில் சேனல் குறைக்கும் பொத்தானை அமுக்கிக்கொண்டே போனால் முதல் சேனலுக்கும் கீழே ஏவி வந்து நிற்கும்.

படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ உருண்டுகொண்டே இருந்தாலோ டிவி கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். பாக்ஸ் வேறு நாட்டு என்டிஎஸ்சி (NTSC) முறையில் படம் அனுப்புகிறது. மெனுவில் நம் நாட்டு முறையான பால் (PAL) என்று மாற்றினால் நிறம் வந்துவிடும். அப்படியே திரை அளவை 4:3 லெட்டர்பாக்ஸ் என்று வையுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், ஆனால் செய்தியில் கீழே ஓடும் எழுத்து ஓரத்தில் வெட்டுப்படாது. பட்டை பிடிக்கவில்லை என்று முழுத்திரையாக இழுத்தால் எல்லோர் முகமும் ஒல்லியாக நீண்டு தெரியும். நான் எப்போதும் லெட்டர்பாக்ஸில்தான் வைத்துக் கொடுப்பேன்.

ஏவி ஓட்டையே இல்லாத செட்டுகளும் உண்டு. சாலிடேர், டயனோரா காலத்து மர டப்பா கறுப்பு வெள்ளை செட்டுகள் அந்த ரகம். அவற்றுக்கு ஆன்டெனா ஓட்டை மட்டும்தான் வழி. பாக்ஸுக்கும் டிவிக்கும் நடுவே ஆர்எஃப் மாடுலேட்டர் என்ற சின்ன டப்பா ஒன்று வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் ஸ்பேர்ஸ் கடையில் கேளுங்கள். மூன்று பின்னையும் அதில் மாட்டினால், அது பழைய தூர்தர்ஷன் கோபுரம் அனுப்பியது போன்ற அனலாக் சிக்னலாக மாற்றித் தரும். மாடுலேட்டர் எந்தச் சேனலில் அனுப்புகிறதோ அந்தச் சேனலுக்கு டிவியின் குமிழைத் திருப்பி, நுண்ணிய டியூனிங்கையும் மெதுவாகத் திருகிப் படத்தைப் பிடியுங்கள். மாடுலேட்டர் யுஎச்எஃப்பில் (உயர்ந்த அலைவரிசையில்) மட்டும் அனுப்புகிற ரகமாக இருந்து, உங்கள் டிவி பன்னிரண்டு சேனல் குமிழ் மட்டும் உள்ள விஎச்எஃப் (அதைவிடத் தாழ்ந்த அலைவரிசை) செட்டாக இருந்தால் ஒன்றும் பிடிக்காது. வாங்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

படம் தெளிவாக வந்து ஒலி மட்டும் வெறும் இரைச்சலாக வருகிறதா? மாடுலேட்டரில் பிஜி (BG) என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். நம் நாட்டு அனலாக் டிவிகளில் படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ். வேறு நாட்டு முறையில் வைத்தால் ஒலி தள்ளிப்போய்விடும். டிவியின் பின்னால் வட்ட ஓட்டைக்குப் பதிலாகப் பட்டை ஒயர் மாட்டும் இரண்டு திருகு மட்டும் இருந்தால், 75 ஓமை 300 ஓமாக மாற்றும் சின்ன மேட்சிங் டிரான்ஸ்பார்மர் ஒன்று சேர்த்து வாங்குங்கள். பழைய ஆன்டெனாவோடு கிடக்கும் சாமான்களில் அது ஏற்கெனவே இருக்கவும் கூடும், தேடிப் பாருங்கள்.

காற்றும் மழையும் இடியும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே இருக்கும் நமக்குச் சும்மா சொன்ன வார்த்தை இல்லை. பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் ஆனி, ஆடியில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும். நம் டிஷ் கிழக்குப் பக்கம் பார்த்து நிற்பதால் அந்தக் காற்று முழுவதும் அதன் முதுகில்தான் விழும். போல்ட்டில் ஸ்பிரிங் வாஷர் போட்டு, சித்திரை, வைகாசியிலேயே ஒருமுறை இறுக்கிவிடுங்கள். டிஷ் சரியாக நிற்கும் இடத்தில் பைப்பிலும் கிளாம்பிலும் சேர்ந்தாற்போல் ஒரு பெயிண்ட் கோடு இழுத்து வையுங்கள். காற்றில் திரும்பினாலும் கோட்டைச் சேர்த்து வைத்தால் படம் வந்துவிடும்.

கனமழையில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோவது இயல்பு. மழை விட்டதும் தானாக வரும், டிஷ்ஷைத் தொடாதீர்கள். முன்னே சொன்ன மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் காலை 11 மணி வாக்கில் சில நிமிஷம் படம் போவதும் அப்படித்தான். சூரியன் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். கோடை இடி மழைக்கு மட்டும் கவனம் வேண்டும். மேகம் கறுத்ததும் டிவி, பாக்ஸ் இரண்டின் பிளக்கையும் பிடுங்கி, டிஷ் ஒயரையும் பாக்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள். சாளைக்கு வரும் மின்சாரம் ஏறி இறங்கும் என்றால் ஒரு சின்ன ஸ்டெபிலைசரும் வைத்துவிடுங்கள்.

தனியார் சேனல்களுக்கான இடத்தைப் பிரசார் பாரதி ஏலத்தில் கொடுக்கிறது. அந்தக் கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை ஓடும். அதனால் ஏப்ரல் பிறந்ததும் சில சேனல் காணாமல் போகும், சில புதிதாக வரும். அப்போது மெனுவில் போய் ஒருமுறை முழுவதும் சேனல் தேடச் சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு இது வராது. நோம்பிக்கு ஊருக்குப் போகும்போது நீங்களே செய்துகொடுங்கள். டிடி தமிழையும் அவர்கள் பார்க்கும் மற்ற நாலைந்து சேனலையும் ஃபேவரிட்டில் சேர்த்து, ரிமோட்டில் எந்தப் பொத்தானை அமுக்கினால் அந்த வரிசை வரும் என்று அதன் மேலேயே ஒரு சின்னச் சிவப்பு டேப்பை ஒட்டிவிட்டு வாருங்கள்.